உலோக வினையூக்கியும் அதன் தாங்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாட்டினம், நிக்கல், தாமிரம், கோபால்ட் முதலிய உலோகங்களை வினையூக்கியாகப் பயன்படுத்தும்போது, அவற்றைச் சுமந்து நிற்கும் திண்மப் பொருளைத் தாங்கி என்கிறோம். முதுகலை வேதியியல் மாணவர்களும் புதிதாக ஆய்வில் சேர்பவர்களும் தாங்கியைப் பற்றி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தாங்கியைப் புறப்பரப்பு (ஒரு கிராம் பொருளில் உள்ள மொத்த மேற்பரப்பு) என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பழக்கம் எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதைக் காட்டுவதற்கே விடைகளில் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உலோகத்தைத் தனியாகப் பயன்படுத்தாமல் எதற்காகத் தாங்கியின் மேல் ஏற்ற வேண்டும்?

வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்களில்தான். துகளின் உள்ளே புதைந்து கிடக்கும் அணுக்களுக்கும் அதே விலை கொடுக்கிறோம். ஆனால் அவற்றால் வேலை ஏதும் நடப்பதில்லை. பிளாட்டினத் துகளின் விட்டம் 10 நானோமீட்டர் என்றால் அதன் அணுக்களில் ஏறத்தாழ 11 விழுக்காடுதான் மேற்பரப்பில் இருக்கும். விட்டம் 5 நானோமீட்டரானால் இது 22 விழுக்காடாகவும், 2 நானோமீட்டரானால் 55 விழுக்காடாகவும் உயரும். 1 நானோமீட்டரை நெருங்கும்போது கிட்டத்தட்ட எல்லா அணுக்களும் வெளியே தெரியும். ஆனால் இவ்வளவு சிறிய துகள்களைக் குவித்து வைத்துச் சூடாக்கினால், தம் மேற்பரப்பு ஆற்றலைக் குறைத்துக்கொள்வதற்காக அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். அவற்றை எட்ட எட்ட நிறுத்தி வைப்பதுதான் தாங்கியின் முதல் வேலை. வெப்பத்தைக் கடத்துவது, உலையில் நொறுங்காமல் நிற்கும் வலிமையைத் தருவது, வினைப்பொருள்கள் வந்து போக வழி விடுவது ஆகியவையும் அதன் பொறுப்பே. பல வினைகளில் தாங்கி தானே வினையில் கலந்துகொள்வதும் உண்டு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

தாங்கியின் "அமைப்பு" என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

வெவ்வேறு அளவுமட்டங்களில் உள்ள பல விஷயங்களை இந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம். உருளை, வளையம், தேன்கூடு போன்ற வெளி வடிவம் மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரையிலான மட்டத்தைச் சேர்ந்தது. நுண்துளைகளின் விட்டமும் அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதமும் நானோமீட்டர் மட்டத்தைச் சேர்ந்தவை. எந்தப் படிக வகை, எந்தப் படிக முகம் வெளியே தெரிகிறது, மேற்பரப்பில் எத்தனை ஹைட்ராக்சில் தொகுதிகள், எத்தனை ஆக்சிஜன் காலியிடங்கள் என்பவை அணு மட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு வினையூக்கி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்றால், கோளாறு இவற்றில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

புறப்பரப்பு அதிகமுள்ள தாங்கிதான் எப்போதும் சிறந்ததா?

இல்லை. இதற்குத் தெளிவான சான்று, இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் சேர்த்து ஹைட்ரஜன் தயாரிக்கும் நீராவி மறுஉருவாக்க ஆலைகளில் கிடைக்கிறது. அங்கே வினையூக்கி நிக்கல், வெளியேறும் வாயுவின் வெப்பநிலை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அழுத்தம் 20 முதல் 30 பார் வரை இருக்கும், நீராவியோ ஏராளம். அலுமினியம் ஆக்சைடான அலுமினாவின் ஒரு படிக வடிவம் காமா அலுமினா; அதன் புறப்பரப்பு கிராமுக்கு 100 முதல் 300 சதுரமீட்டர். மற்றொரு வடிவமான ஆல்ஃபா அலுமினாவுக்கு அது பெரும்பாலும் 10 சதுரமீட்டருக்கும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் காமா அலுமினாவையே யாரும் தேர்ந்தெடுப்பார்கள். ஆலைகளோ ஆல்ஃபா அலுமினாவையும் மக்னீசியம் அல்லது கால்சியம் அலுமினேட்டுகளையுமே பயன்படுத்துகின்றன. அந்தச் சூழலில் காமா அலுமினாவின் நுண்துளைகள் நிலைத்து நிற்பதில்லை. அவை இடிந்து மூடும்போது அவற்றுக்குள் இருந்த நிக்கலும் புதைந்துபோகும், உருளைகளும் வலிமை இழந்து நொறுங்கும். முன்கூட்டியே சுருங்கி முடித்துவிட்ட பொருளான ஆல்ஃபா அலுமினா மேற்கொண்டு மாறுவதில்லை.

இதே உலையில் சிலிக்காவை (சிலிக்கன் டை ஆக்சைடு) வைத்தால் என்ன ஆகும் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. உயர் அழுத்த நீராவியில் சிலிக்கா மெல்ல மெல்ல ஹைட்ராக்சைடு வடிவில் ஆவியாகி வாயுவோடு சேர்ந்து பயணம் செய்யும். உலைக்குப் பின்னால் உள்ள குளிர்ந்த பகுதிகளில், குறிப்பாகக் கழிவுவெப்பக் கொதிகலனின் குழாய்களில், வெண்ணிறப் படலமாகப் படிந்து வெப்பப் பரிமாற்றத்தைக் கெடுக்கும். ஆகவே இந்தப் பணிக்கான தாங்கிகளில் சிலிக்கா மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது வாங்குபவர்களின் நிபந்தனைகளில் ஒன்று. ஆய்வகத்தில் வளிமண்டல அழுத்தத்தில் சில மணி நேரம் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது.

அப்படியானால் பி.இ.டி. முறையில் அளக்கும் புறப்பரப்புக்கு என்ன மதிப்பு?

புரூனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் 1938-இல் வகுத்த இந்த முறையில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் நைட்ரஜன் மூலக்கூறுகள் எவ்வளவு பரப்பில் படிகின்றன என்பதைக் கணக்கிடுகிறோம். நைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு. அது நுழையும் 1 நானோமீட்டர் துளைக்குள் பெரிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறு நுழையாது. உலோகக் கரைசல் நுழைந்தாலும் அங்கே உருவாகும் துகளை வினைப்பொருள் சென்று சேராது. கிராமுக்கு 1000 சதுரமீட்டர் என்று பெருமையாகச் சொல்லப்படும் செயலூட்டிய கரியின் பரப்பில் பெரும் பகுதி இத்தகைய குறுந்துளைகளுக்குள்தான் இருக்கும். தொகுதிக்குத் தொகுதி பொருளின் தரம் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கவும், பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் இந்த அளவீடு மிகவும் உதவும். இரு வேறு தாங்கிகளில் எது மேல் என்ற தீர்ப்பை அதனிடம் விடக் கூடாது.

நுண்துளையின் அளவு வினையை எவ்வாறு பாதிக்கிறது?

2 நானோமீட்டருக்குக் கீழே குறுந்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை, அதற்கு மேல் பெருந்துளை என்பது பன்னாட்டு வகைப்பாடு. துளை குறுகும்போது வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகமாகி, விரவும் வேகம் குறைகிறது. வினை வேகமாகவும் விரவல் மெதுவாகவும் இருந்தால், வினைப்பொருள் துகளின் வெளி ஓட்டிலேயே தீர்ந்துவிடும். மையத்தில் உள்ள உலோகம் வெறுமனே உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன நீராவி மறுஉருவாக்க உலைகளில் உருளையின் கன அளவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பயனுள்ள வேலை செய்கிறது என்று பொறியியல் கணக்குகள் காட்டுகின்றன. அங்கே உள் பரப்பைக் கூட்டுவதால் பலன் இல்லை என்பதால்தான் பல ஓட்டைகள் கொண்ட வளையங்களாக வார்த்து வெளிப் பரப்பைக் கூட்டுகிறார்கள்.

வேண்டிய விளைபொருளை மட்டும் தரும் தெரிவுத்திறனையும் துளை மாற்றும். இடைநிலை விளைபொருள் ஒன்று நீண்ட குறுகிய துளையிலிருந்து வெளியேற நேரம் எடுத்துக்கொண்டால், வழியில் அது மறுபடியும் வினைபுரிந்து வேண்டாத பொருளாகிவிடும். அசெட்டிலினைப் பாதி மட்டும் ஹைட்ரஜனேற்றி எத்திலினில் நிறுத்த வேண்டிய வினையில், பல்லேடியத்தை உருண்டையின் வெளி ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும் ஏற்றுவது இதனால்தான்.

1992-இல் மொபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட எம்.சி.எம்-41, 1998-இல் சாண்டா பார்பராவில் உருவான எஸ்.பி.ஏ-15 ஆகிய சிலிக்காக்கள் ஒரே விட்டமுள்ள இடைத்துளைகளை ஒழுங்கான அடுக்கில் கொண்டவை. துளையளவின் விளைவைத் தனியே பிரித்துப் படிக்க இவை அருமையான கருவிகள். பெரிய ஆலைகளில் இவற்றின் பயன்பாடு குறைவாகவே இருப்பதற்கு விலையும், நீராவியில் மெல்லிய சுவர்கள் தாக்குப்பிடிக்காததும் முக்கியக் காரணங்கள்.

உலோகத் துகள் தாங்கியின் மேல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

தாங்கியின் மேற்பரப்பு முழுவதும் ஒரே மாதிரி ஒட்டும் தன்மை கொண்டதன்று. துகள்கள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் வேர் பிடிக்கின்றன. காமா அலுமினாவின் உள்ளே அலுமினியம் அயனிகளைச் சுற்றி நான்கு அல்லது ஆறு ஆக்சிஜன்கள் இருக்கும். மேற்பரப்பைச் சூடாக்கி நீரை வெளியேற்றும்போது ஐந்து ஆக்சிஜன்களை மட்டும் கொண்ட, நிறைவு பெறாத அலுமினியம் மையங்கள் தோன்றுகின்றன. பிளாட்டினம் ஆக்சைடு இந்த மையங்களில்தான் நங்கூரமிடுகிறது என்பதை அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் திண்மநிலை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மூலம் காட்டினார்கள்: பிளாட்டினம் ஏற ஏற, ஐந்து ஆக்சிஜன் அலுமினியத்தின் சமிக்ஞை அதற்கு ஈடாகத் தேய்ந்துகொண்டே வந்தது. ஆகவே ஒரே புறப்பரப்பு கொண்ட இரண்டு அலுமினா மாதிரிகளில் ஒன்று பிளாட்டினத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வதும் மற்றொன்று நழுவவிடுவதும் வியப்புக்குரியதல்ல.

சிலிக்காவின் பிடிமானம் இதைவிட மிகவும் தளர்ந்தது. கரித் தாங்கிகளில் அடுக்குகளின் விளிம்புகள், குறைபாடுகள், ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் ஆகியவை அந்தப் பணியைச் செய்கின்றன. நன்கு கிராஃபைட் ஆக்கப்பட்ட வழவழப்பான கரியில் துகள்கள் எளிதில் நகரும்.

துகள்கள் பெருப்பதைத் தாங்கியின் அமைப்பால் தடுக்க முடியுமா?

தாமதப்படுத்த முடியும். உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து அதில் பாதியைக் கணக்கிட்டால் டாம்மன் வெப்பநிலை கிடைக்கும். அதற்கு மேல் அணுக்கள் தாராளமாக இடம்பெயரத் தொடங்கும் என்பது ஒரு நடைமுறை விதி. தாமிரத்துக்கு இது ஏறத்தாழ 405 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு 590, பிளாட்டினத்துக்கு 750. மெத்தனால் தயாரிக்கும் தாமிர வினையூக்கியை 300 டிகிரிக்கு மேல் போகவிடாமல் காப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

பெருத்தல் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்றில் துகள்களே நகர்ந்து மோதி இணைகின்றன; மற்றொன்றில், ஆஸ்ட்வால்ட் முதிர்வு எனப்படும் முறையில், சிறிய துகளிலிருந்து அணுக்கள் கழன்று பெரிய துகளில் போய்ச் சேருகின்றன. முதல் வழியை நுண்துளைச் சுவர்கள் ஓரளவு மறிக்கும். இரண்டாவதை மறிப்பது கடினம். அதிலும் பிளாட்டினம் சூடான காற்றில் பிளாட்டினம் டை ஆக்சைடு ஆவியாகி வாயு வழியாகவே பயணம் செய்யக்கூடியது என்பதால், சுவர் எழுப்புவதால் மட்டும் தீர்வு வராது. துகள்கள் சராசரியாக எவ்வளவு சிறியவை என்பதோடு அவை எவ்வளவு சீரான இடைவெளியில் அமைந்திருக்கின்றன என்பதும் முக்கியம். ஒரு மூலையில் கூட்டமாகவும் மற்றொரு மூலையில் வெறுமையாகவும் இருக்கும் வினையூக்கி, அதே அளவு துகள்களைச் சீராகப் பரப்பிய வினையூக்கியைவிட வெகு விரைவில் கெடும்.

ஒரே வேதிப்பொருளின் வெவ்வேறு படிக முகங்கள் உண்மையிலேயே வேறுபட்ட பலன் தருமா?

தரும். சீரியம் டை ஆக்சைடான சீரியாவை நானோ கனசதுரங்களாகவும், நானோ கோல்களாகவும், எண்முகிகளாகவும் வளர்க்கலாம். எண்முகியில் வெளியே தெரிவது 111 முகம் (முகம் படிகத்தில் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை இந்த எண்கள் குறிக்கும்). அது மிகவும் நிலையானது, ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்காது. கனசதுரத்தில் 100 முகம் தெரியும். கோல்களில் 110, 100 ஆகிய முகங்களோடு குறைபாடுகளும் மிகுந்திருக்கும். கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றும் வினையில் கோல்கள் பொதுவாக முந்துகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று 2016-இல் வெளிவந்தது. பிளாட்டினம் ஏற்றிய அலுமினாவையும், பிளாட்டினமே இல்லாத சீரியாத் தூளையும் சும்மா கலந்து, காற்றில் 800 டிகிரி செல்சியஸில் சூடாக்கினார்கள். அலுமினாவிலிருந்து ஆவியாகக் கிளம்பிய பிளாட்டினம் சீரியாவின் மேல் வந்து, தனித்தனி அணுக்களாகச் சிக்கி நின்றது. சீரியாவின் பன்முகிகளும் கோல்களும் பிளாட்டினத்தை நன்றாகப் பிடித்தன. கனசதுரங்கள் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. துகளைப் பெருக்க வைக்கும் அதே வெப்பம், பிடிக்கும் இடங்கள் சரியாக இருந்தால், துகளை அணுக்களாகப் பிரித்து நிறுத்தவும் செய்கிறது.

தாங்கி வினையில் நேரடியாகப் பங்கேற்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

தங்கம் நீண்ட காலம் வினையூக்கத்துக்கு உதவாத உலோகம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 1987-இல் ஜப்பானின் மசடாகே ஹருட்டாவும் அவர் குழுவினரும் இரும்பு, கோபால்ட் முதலியவற்றின் ஆக்சைடுகளில் 10 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களைப் பதித்து, மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் போன்ற கடுங்குளிரிலும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டினார்கள். அதே அளவு தங்கத் துகளைச் சிலிக்காவின் மேல் வைத்தால் செயல்திறன் பெரிதும் குறைகிறது. வேறுபாடு உலோகத்தில் இல்லை. தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் விளிம்பில்தான் ஆக்சிஜன் செயலூக்கம் பெறுகிறது.

இந்த விளிம்பின் பங்கை எண்ணிக்கையாகவே காட்டிய ஆய்வு 2013-இல் வந்தது. நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் ஆகியவற்றின் துகள்களை மிகச் சீரான வெவ்வேறு அளவுகளில் தயாரித்துச் சீரியாவின் மேல் வைத்தபோது, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்தின் வேகம் சுற்றளவில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனது. அலுமினாவின் மேல் வைத்தபோது அந்தத் தொடர்பு மறைந்தது. சீரியா தன் படிகத்திலுள்ள ஆக்சிஜனை விளிம்பில் கொடுத்துவிட்டுக் காற்றிலிருந்து மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. அலுமினாவால் அது இயலாது.

தாங்கி உலோகத்தை மூடிவிடும் என்கிறார்களே, அது எப்படி?

1978-இல் எக்ஸான் ஆய்வகத்தின் டாஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடு) மேல் ஏற்றிய பிளாட்டினம் போன்ற உலோகங்களை 200 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜனால் ஒடுக்கினால் (ஆக்சிஜனை நீக்கினால்) அவை வழக்கம்போல் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் கவர்ந்தன. 500 டிகிரியில் ஒடுக்கினால் கவரும் திறன் ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது, துகள்களோ பெருக்கவில்லை. ஆக்சிஜனில் சூடாக்கி மறுபடியும் தாழ்ந்த வெப்பநிலையில் ஒடுக்கினால் திறன் திரும்பியது. இதற்கு உலோகம்–தாங்கி வலுவான இடைவினை என்று பெயரிட்டார்கள். பகுதியளவு ஒடுக்கமடைந்த டைட்டானியா, துகளின் மேல் மெல்லிய படலமாக ஏறிப் போர்த்திக்கொள்வதே முதன்மைக் காரணம் என்பது பின்னர் மேற்பரப்பு ஆய்வுகளாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் தெளிவானது.

இதைக் கேடு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பகுதியாக மூடிய உலோகத்தில் புதிய விளிம்புகள் ஏராளமாக உண்டாகும். கார்பன் மோனாக்சைடை ஹைட்ரஜனேற்றும் வினைகளில் டைட்டானியாத் தாங்கி நன்றாக இயங்குவதை இதோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

தாங்கியோடு உலோகம் வேதிவினை புரிந்துவிடுமா?

புரியும். நிக்கல் ஏற்றிய காமா அலுமினாவை 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் காற்றில் சுட்டால் நிக்கல் அலுமினேட் ஸ்பைனல் என்ற கலப்பு ஆக்சைடு உருவாகும். அதை மீண்டும் நிக்கலாக ஒடுக்க 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். 450 டிகிரியில் ஒடுக்கிவிட்டு "செயல்திறன் இல்லை" என்று எழுதுவது முறையல்ல. கோபால்ட்டும் அலுமினாவோடும் சிலிக்காவோடும் இவ்வாறு சேரும், அதிலும் சிறிய துகள்களே முதலில் சிக்கும். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஹைட்ரோகார்பன்களாக மாற்றும் ஃபிஷர்–டிராப்ஷ் வினையில் கோபால்ட் துகளின் அளவு என்ன பங்கு வகிக்கிறது என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2006-இல் ஆராய்ந்தபோது கரி நானோ இழைகளைத் தாங்கியாகத் தேர்ந்ததன் காரணமும் இதுவே: வினைபுரியாத தாங்கியில் வைத்தால்தான் அளவின் விளைவு மட்டும் தனியே தெரியும். 6 முதல் 8 நானோமீட்டருக்குக் கீழே போனால் கோபால்ட்டின் செயல்திறன் சரிவதை அவர்கள் கண்டார்கள். துகள் சிறிதானால் நல்லது என்ற பொது விதிக்கும் எல்லை உண்டு.

வாகனங்களின் புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியில் இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து வருகின்றன?

அந்தப் பெட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கார்டியரைட் என்ற மண்பாண்ட வகைப் பொருளால் ஆன தேன்கூட்டுக் கட்டை இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்கள் என்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள அளவு. சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. சூட்டில் மிகக் குறைவாகவே விரிவடைவதால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் வரும் திடீர் வெப்பத்தில் கார்டியரைட் வெடிப்பதில்லை. ஆனால் அதன் சொந்தப் புறப்பரப்பு மிகச் சொற்பம். ஆகவே சுவர்களின் மேல் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனுக்கு அலுமினாவும் சீரியா–சிர்க்கோனியாவும் (சிர்க்கோனியா என்பது சிர்க்கோனியம் டை ஆக்சைடு) கலந்த பூச்சு இடப்படுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் சதுரக் கண்களின் மூலைகளில் பூச்சு தடித்து, உள்வழி ஏறக்குறைய வட்டமாகத் தெரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை இருப்பது இந்தப் பூச்சில்தான்.

பூச்சில் ஒவ்வொரு பொருளும் அமைப்புச் சார்ந்த ஒரு காரணத்தோடு இடம்பெற்றிருக்கிறது. காமா அலுமினா 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆல்ஃபா வடிவத்துக்கு மாறிப் பரப்பை இழக்கும். சிறிதளவு லாந்தனம் சேர்த்தால் அந்த மாற்றம் தள்ளிப்போகும். சீரியா, எரிபொருள் கூடுதலான கணத்தில் ஆக்சிஜனைக் கொடுத்தும், காற்று கூடுதலான கணத்தில் வாங்கியும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். ஆனால் தூய சீரியா 800 டிகிரியைத் தாண்டினால் பரப்பை இழந்துவிடும். சிர்க்கோனியாவை அதன் படிகத்துக்குள்ளேயே கரைத்தால் சூட்டையும் தாங்கும், ஆக்சிஜன் நடமாட்டமும் கூடும். ரோடியத்தை அலுமினாவின் மேல் வைத்தால், காற்று மிகுந்த உயர் வெப்பத்தில் அது அலுமினாவுக்குள் கரைந்து காணாமல் போகும். சிர்க்கோனியா மிகுந்த பகுதியின் மேல் அதை வைப்பது அதனால்தான். மூன்று உலோகங்களையும் ஒரே தூளில் கலந்துவிடாமல் தனித்தனி அடுக்குகளில் இடுவதற்கும் இத்தகைய கணக்குகளே அடிப்படை.

உலோகமும் அமிலத் தாங்கியும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்?

ஹைட்ரோகார்பன்களின் வடிவத்தை மாற்றும் வினைகளில் உலோகம் ஒரு பணியையும், நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிக்கேட் படிகமான ஜியோலைட்டின் அமில மையம் மற்றொரு பணியையும் செய்கின்றன. இரண்டும் எவ்வளவு நெருங்கினாலும் நல்லதே என்பது 1960-களிலிருந்து வந்த எண்ணம். 2015-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிளாட்டினத்தை ஜியோலைட்டுப் படிகத்துக்குள் வைத்த வினையூக்கியைவிட, ஜியோலைட்டுப் படிகங்களைப் பிணைக்கும் அலுமினாவின் மேல் சில நானோமீட்டர் தள்ளிப் பிளாட்டினத்தை வைத்த வினையூக்கி, கிளைத்த ஹைட்ரோகார்பன்களைக் கூடுதலாகத் தந்தது. தேவையற்ற உடைவு குறைந்தது. ஒரு தாங்கிக்குப் பதிலாக இரு தாங்கிகள் கலந்திருக்கும் இடங்களில், உலோகம் எதன் மேல் இருக்கிறது என்று கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

ஹைட்ரஜன் ஸ்பில்லோவர் என்பது என்ன?

உலோகத்தில் பிளந்த ஹைட்ரஜன் அணுக்கள் தாங்கியின் மேல் வழிந்து பரவுவது. மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடோடு பிளாட்டினம் ஏற்றிய அலுமினாவைக் கலந்து, அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் தூள் நீலமாகும் என்று 1964-இல் பதிவானது. ஒடுக்கமடையக்கூடிய டைட்டானியாவில் இந்தப் பரவல் வெகுதூரம் செல்லும். அலுமினாவில் ஏறத்தாழ 15 நானோமீட்டரோடு நின்றுவிடும் என்பது 2017-இல் அளந்து காட்டப்பட்டது.

எரிபொருள் மின்கலத்தில் கரித் தாங்கியின் அமைப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அங்கே தாங்கி மின்சாரத்தையும் கடத்த வேண்டும் என்பதால் கரியே தேர்வு. கெட்டியான கரித்துகள்களில் பிளாட்டினம் வெளிப்புறத்தில் அமரும். புரோட்டானைக் கொண்டுவரும் அயனோமர் பாலிமர் அதன் மேல் படிந்து, தன் சல்ஃபோனேட் தொகுதிகளால் பிளாட்டினத்தின் திறனைக் குறைக்கும். துளை மிகுந்த கரியில் பிளாட்டினம் உள்ளே ஒளிந்துகொள்ளும். அயனோமர் தொடாது, திறன் உயரும். ஆனால் அதிக மின்னோட்டம் கேட்கும்போது குறுகிய துளைவாய் வழியாக ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளே செல்லாது. ஆகவே அயனோமர் நுழையாத, ஆக்சிஜன் தடையின்றி நுழையும் சில நானோமீட்டர் அளவுத் துளைவாய்கள் கொண்ட கரிகளை அண்மை ஆண்டுகளில் வடிவமைக்கிறார்கள். கலத்தைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் எதிர்மின்வாயின் மின்னழுத்தம் 1.4 வோல்ட்டை ஒட்டி எகிறினால் கரியே கார்பன் டை ஆக்சைடாக அரிக்கப்படும். கிராஃபைட் தன்மை மிகுந்த கரி இதைத் தாங்கும், ஆனால் பிளாட்டினத்தைப் பிடித்து வைக்கும் இடங்கள் அதில் குறைவு.

தயாரிக்கும் முறையில் தாங்கியின் எந்தப் பண்பைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மின்னூட்டம். நீரில் சிலிக்காவின் மேற்பரப்பு பி.எச். 2 முதல் 3-க்கு மேல் எதிர்மின்னூட்டம் பெறும். காமா அலுமினா பி.எச். 8 வரை நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். குளோரோபிளாட்டினிக் அமிலத்தில் பிளாட்டினம் எதிரயனியாக இருப்பதால் அது அலுமினாவில் நன்றாகப் பற்றும். சிலிக்காவுக்கு அம்மோனியாவோடு சேர்ந்த நேரயனி வடிவப் பிளாட்டினமே பொருந்தும். மாற்றிப் பயன்படுத்தினால் உலோகம் எங்கும் பற்றாமல், உலர்த்தும்போது கரைசல் ஒதுங்கும் இடத்தில் குவிந்துவிடும்.

அடுத்து துளைகளின் கன அளவு. எடைபோட்ட தூளில் நீரைத் துளித்துளியாக விட்டுக் கிளறிக்கொண்டே வர வேண்டும். நெடுநேரம் தூள் உலர்ந்ததைப்போலவே உதிரும், ஏனெனில் நீர் முழுவதும் துளைகளுக்குள் போகிறது. பிறகு ஒரு துளியில் சட்டென்று கட்டிபிடித்துக் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். அதுவரை சேர்த்த நீரே துளைகளின் கன அளவு. வழக்கமான காமா அலுமினாவில் கிராமுக்கு அரை மில்லிலிட்டரை ஒட்டி இருக்கும். உலோக உப்பை அதே அளவு கரைசலில் கரைத்து ஊறவைத்தால் வெளியே வழியாது. உலர்த்தும் வேகத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது: அவசரப்பட்டால் கரைசல் துளைகளின் வாய்க்கு இழுபட்டு உலோகம் ஓரத்தில் சேரும்.

உலோகம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்கும்போது தாங்கி குழப்புமா?

நிச்சயமாக. சீரியாவில் ஹைட்ரஜன் தாங்கிக்கு வழிந்து போவதால், மேற்பரப்பில் உள்ள உலோகம் 100 விழுக்காட்டுக்கும் மேல் என்று கணக்கு வரும். கார்பன் மோனாக்சைடும் சீரியாவில் கார்பனேட்டாகச் சேர்ந்து எண்ணைக் கூட்டும். டைட்டானியாவில் நேர்மாறாக, மேற்சொன்ன படலம் காரணமாகத் துகள் பெரியது போலத் தோன்றும். வாயுக் கவர்தல், எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு, எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் ஒன்றையொன்று ஆதரித்தால்தான் துகள் அளவை நம்பலாம்.

பெருத்துப்போன உலோகத்தைத் திரும்பச் சிறிய துகள்களாக்க முடியுமா?

சில இணைகளில் முடியும். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தும் மறுஉருவாக்க அலகுகளில் குளோரின் சேர்த்த அலுமினாவின் மேல் பிளாட்டினம் இருக்கும். படிந்த கரியை முதலில் எரித்து நீக்கிவிட்டு, 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஆக்சிஜனோடு குளோரின் சேர்மத்தையும் செலுத்துவார்கள். பெரிய துகள்களிலிருந்து பிளாட்டினம் ஆக்சிகுளோரைடாகப் பிரிந்து அலுமினாவின் மேல் பரவி நங்கூரமிடும். பிறகு ஹைட்ரஜனால் ஒடுக்கினால் சிறிய துகள்கள் மீண்டும் கிடைக்கும். சிலிக்காவின் மேல் இதே முறை அதே பலனைத் தருவதில்லை. பிரிந்து வரும் சேர்மத்தைப் பிடித்து நிறுத்தும் இடங்கள் சிலிக்காவில் இல்லை. அலுமினாவும் சூட்டில் தன் பரப்பை இழந்திருந்தால் இந்தச் சிகிச்சை பலிக்காது. அந்நிலையில் வினையூக்கியை இறக்கி, பிளாட்டினத்தை மீட்பதற்காகச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவார்கள்.